ஏஎன்ஏ பாசிட்டிவ் என்று வந்தால் லூபஸ்தானா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்கு 28 வயது. சில மாதங்களாக முடி கொட்டுகிறது, சோர்வாக இருக்கிறது, முழங்காலும் மணிக்கட்டும் அவ்வப்போது வலிக்கின்றன. டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் ஏஎன்ஏவும் ஒன்று. ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ், 1:100, ஸ்பெக்கிள்ட், +" என்று வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் எல்லாப் பக்கமும் லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) என்கிறது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் வேறு. இது லூபஸ்தானா, லேப்காரர்கள் சொல்வதுபோல் ஏஎன்ஏ ப்ரொஃபைலும் எடுக்க வேண்டுமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து லூபஸ் என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருக்கிற தொந்தரவுகளை வைத்துப் பார்த்தால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் சிறுநீரையும் ரத்த அணுக்களையும் ஒருமுறை பார்க்காமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்றும் சொல்ல மாட்டேன். ஏன் என்று விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

நம் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகள் கிருமிகளைப் பிடிப்பதற்கானவை. சிலருக்கு அவற்றில் ஒரு பகுதி சொந்த செல்களின் உட்கருவில் இருக்கும் பொருட்களையே பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக வைத்த பெயர்தான் ஏஎன்ஏ. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் உடன் இருந்தவர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில், இன்னொரு செல்லின் உட்கருவை முழுதாக விழுங்கிவிட்ட வெள்ளணுக்களைப் பார்த்தார்கள். எல்.இ. செல் என்று அதற்குப் பெயர். உட்கருவுக்கு எதிராக ரத்தத்தில் ஏதோ சுற்றுகிறது என்பது அங்கிருந்துதான் தெரிய வந்தது. 1957இல் ஃப்ரியூ என்ற ஆய்வாளர் அதையே ஒளிரும் சாயத்தைக் கொண்டு காட்டினார். இன்றைய பரிசோதனையின் அடிப்படை இன்னமும் அதுதான்.

லேபில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ரிப்போர்ட்டின் பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடி ஸ்லைடில் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஹெப்-2 என்ற மனித செல்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். (குரல்வளைப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. மரபணுவைச் சோதித்தபோது அவை கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த புகழ்பெற்ற ஹீலா செல்கள்தான் என்று தெரிந்தது. பரிசோதனைக்கு அதனால் பாதகம் ஒன்றும் இல்லை.) உங்கள் தங்கையின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீரை) 100 மடங்கு நீர்க்கவைத்து அந்த வட்டத்தில் விடுவார்கள்; 1:100 என்பது இதுதான். அரை மணி நேரம் கழித்துக் கழுவுவார்கள். பிறகு, மனித ஆன்டிபாடியைத் தேடிப்போய் ஒட்டுகிற, பச்சையாக ஒளிரும் இன்னொரு ஆன்டிபாடியை விடுவார்கள். மறுபடி கழுவிவிட்டு இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்க வேண்டும். உட்கரு பச்சையாக மின்னினால் பாசிட்டிவ்.

மின்னுகிறதா, எவ்வளவு மின்னுகிறது, எந்த வடிவில் என்பதையெல்லாம் பெரும்பாலான இடங்களில் இன்றும் மனிதக் கண்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஸ்லைடை இருவர் பார்த்து ஒருவர் '+' என்பார், இன்னொருவர் 'நெகட்டிவ்' என்பார். ஒரே சீரத்தை இரண்டு லேபுக்கு அனுப்பினால் நீர்க்கவைக்கும் அளவில் ஒரு படி முன்னே பின்னே வருவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அதாவது 1:80க்கும் 1:160க்கும் இடையிலான வித்தியாசத்தை வைத்து "போன மாதத்தைவிடக் கூடிவிட்டது" என்று பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

1:100 என்பது நம் ஊரில் பல லேபுகள் வைத்திருக்கும் கிட்டின் தொடக்கப்படி. அந்தக் கிட்டில் அடுத்த படி 1:320, அதற்கடுத்து 1:1000. பழைய முறைப்படி 1:40, 1:80, 1:160 என்று இரட்டிப்பாகப் போகிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், உங்கள் தங்கையின் சீரம் வாசற்படியில் லேசாக மின்னியிருக்கிறது. மேற்கொண்டு நீர்க்கவைத்தால் மறைந்துவிடக்கூடிய அளவு என்பதுதான் '1:100, +' என்பதன் பொருள்.

ஆரோக்கியமானவர்களிடம் இது எவ்வளவு சகஜம்? 1997இல் டேன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 15 லேபுகளுக்கு, நோய் எதுவும் இல்லாத 125 பேரின் சீரங்களை நோயாளிகளின் சீரங்களோடு கலந்து அனுப்பிப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களில் 1:40இல் 31.7 சதவீதம் பேரும், 1:80இல் 13.3 சதவீதம் பேரும், 1:160இல் 5 சதவீதம் பேரும், 1:320இல்கூட 3.3 சதவீதம் பேரும் பாசிட்டிவ். பெண்கள், வயதானவர்கள், வீட்டில் யாருக்காவது லூபஸோ முடக்குவாதமோ இருப்பவர்கள் ஆகியோரிடம் இது இன்னும் அதிகம். தைராய்டு பிரச்சினை, கல்லீரல் அழற்சி, காசநோய் ஆகியவற்றிலும் வரும். காசநோய்க்குச் சாப்பிடும் ஐசோநியாசிட் மாத்திரையே ஏஎன்ஏவை வரவழைக்கும்.

இனி ஒரு கணக்கு. உங்கள் தங்கையைப் போல முடி உதிர்வு, சோர்வு, அவ்வப்போது வலி என்று வருகிற 10,000 இளம்பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் லூபஸ் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதுவே தாராளமான எண்ணிக்கைதான். லூபஸ் இருப்பவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவாக இருக்கும் என்பதால் பத்துப் பேரும் பிடிபடுவார்கள். மீதி 9,990 பேரில், 1:80 என்ற அளவில் சுமார் 1,300 பேரும் பாசிட்டிவாக வருவார்கள். ஆக, பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு நிற்கிற 131 பேரில் ஒருவருக்குத்தான் நோய்.

அதே பரிசோதனையை வேறு இடத்தில் பாருங்கள். கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, வீங்கிய விரல் மூட்டுகள், சிறுநீரில் புரதம் என்று ருமட்டாலஜி (மூட்டு நோய்ப் பிரிவு) ஓ.பி.க்கு வருகிற 100 பேரில் 50 பேருக்கு லூபஸ் என்று வைத்துக்கொண்டால், 49 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், தவறாகப் பாசிட்டிவ் ஆகிறவர்கள் ஆறேழு பேர்தான். ஸ்லைடும் அதே, சாயமும் அதே. ரத்தம் எடுப்பதற்கு முன்பே, டாக்டர் மூட்டைத் தொட்டுப் பார்த்து, தோலைப் பார்த்து, நாலு கேள்வி கேட்கிற நேரத்திலேயே இந்த ரிப்போர்ட்டின் மதிப்பு முடிவாகிவிடுகிறது. "எதற்கும் ஏஎன்ஏவும் ஒன்று பார்த்துவிடலாம்" என்று எழுதுவதை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். எழுதுகிறவருக்கு ஒரு டிக். வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போகிறது.

எந்தத் தொந்தரவு இருந்தால் இதே 1:100ஐ நான் வேறு மாதிரிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன், தங்கையிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா? வலி மட்டும்தானா, மூட்டு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வீங்குகிறதா? வெயிலில் போய்விட்டு வந்தால் முகத்திலோ கையிலோ தடிப்பு வந்து நாட்கணக்கில் நிற்கிறதா? லூபஸின் கன்னத் தடிப்பு மூக்கின் மேல் ஏறி இரு கன்னத்துக்கும் பரவும், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்குகிற மடிப்பை மட்டும் விட்டுவிடும். வாயின் மேலண்ணத்தில் வலிக்காத புண் இருக்கிறதா? மூச்சை இழுத்துவிட்டால் நெஞ்சில் குத்துகிறதா? சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறதா, கால் வீங்குகிறதா?

இன்னொன்று, நம் ஊரில் பலரும் கேட்க மறந்துவிடுவது. குளிரில் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவக்கிறதா? ரெய்னாட் என்று இதற்குப் பெயர். குளிர்நாடுகளில் நோயாளியே வந்து சொல்வார். சென்னை வெயிலில் அது வெளியே தெரிவதற்கே வாய்ப்பு குறைவு. ஏசி பஸ்ஸில், ஃப்ரிட்ஜிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது, மார்கழியில் வாசல் தெளிக்கும்போது என்று இடம் சொல்லிக் கேட்டால்தான் "ஆமாம், வெள்ளையாகுமே" என்பார்கள்.

2019இல் ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் சேர்ந்து லூபஸை வகைப்படுத்த ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டன. அதில் ஏஎன்ஏ 1:80 அல்லது அதற்கு மேல் இருப்பது நுழைவுத் தகுதி மட்டும்தான், அதற்கு மதிப்பெண் கிடையாது. உள்ளே போனபிறகு 10 மதிப்பெண் சேர வேண்டும். மூட்டு அழற்சிக்கு 6, சிறுநீரில் புரதம் போவதற்கு 4, தட்டணு (பிளேட்லெட்) குறைவுக்கு 4, முடி உதிர்வுக்கு 2 என்று போகிறது. லூபஸைவிடப் பொருத்தமான வேறு காரணம் இருந்தால் அந்த மதிப்பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்பதும் விதி. ஆராய்ச்சிக்காக வகுத்த முறை இது, ஒருவருக்கு நோயை உறுதிசெய்ய அப்படியே பயன்படுத்துவதில்லை. ஆனாலும் உங்கள் தங்கைக்குப் போட்டுப் பார்த்தால் (வீக்கமோ காலை இறுக்கமோ இல்லாத வெறும் வலி மூட்டு அழற்சியில் சேராது) முடிக்கு 2 வரும். இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால் அந்த இரண்டும் போய்விடும். சோர்வுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியவை சாதாரணப் பரிசோதனைகள். முழு ரத்த அணு எண்ணிக்கையில் வெள்ளணு, தட்டணு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதமும் சிவப்பணுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), இ.எஸ்.ஆர். (அழற்சிக்கு), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்புக்கு). இவ்வளவுதான். இந்த வயதில் முடி கொட்டிச் சோர்வாக இருக்கிற பெண்ணுக்கு ஃபெரிட்டினும் தைராய்டும் பதில் சொல்லிவிடுகிற வாய்ப்பு, ஏஎன்ஏ பதில் சொல்வதைவிடப் பல மடங்கு அதிகம். டெங்கு மாதிரிப் பெரிய காய்ச்சல் வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. சிக்குன்குனியா வந்திருந்தால் மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். இதையெல்லாம் கேட்டார்களா?

இவற்றில் முக்கியமானது சிறுநீர். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. பரிசோதனைகளிலேயே மலிவான இதுதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும். லேசான தொந்தரவுதான் என்றாலும் சிறுநீரைப் பார்க்காமல் விட வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே கேட்ட கேள்விகளுக்கும் "இல்லை" என்றே பதில் வந்தால் ஏஎன்ஏ விஷயம் அங்கேயே முடிந்தது. எதிலாவது சந்தேகம் வந்தால் அடுத்த கட்டம் டிஎஸ்டிஎன்ஏ ஆன்டிபாடி (டிஎன்ஏவுக்கு எதிரானது), சி3, சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவுகள். நோய் தீவிரமாக இருக்கும்போது பலருக்கு முதலாவது ஏறும், மற்ற இரண்டும் இறங்கும். லூபஸ் உள்ளவர்களைப் பின்தொடர இவைதான் உதவும். ஏஎன்ஏ அதற்கு உதவாது. நோய் முழுக்க அடங்கினாலும் அது பாசிட்டிவாகவே நிற்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

ப்ரொஃபைல் பற்றி. மெல்லிய பட்டையில் பதினைந்துக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும், ஒவ்வொரு கோட்டிலும் செல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருள். எந்தக் கோடு கறுக்கிறதோ அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது. எஸ்எம், ஆர்என்பி, எஸ்எஸ்ஏ, எஸ்எஸ்பி, எஸ்சிஎல்-70, ஜோ-1 என்று பெயர்கள். அறிகுறி இருக்கிறவருக்கு அருமையான பரிசோதனை. இல்லாதவருக்கு எடுத்தால், பதினைந்து கோடுகளில் ஏதாவது ஒன்று காரணமில்லாமல் லேசாகக் கறுக்க வாய்ப்பு உண்டு. ஆர்ஓ-52 கோடு மட்டும் மங்கலாக வந்து நிற்கிற ரிப்போர்ட்டுகள் ஏராளம். ஒரு கவலையோடு போனவர் இரண்டோடு திரும்புவார். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2013இல் வெளியிட்ட 'தேவையில்லாமல் செய்யாதீர்கள்' பட்டியலிலேயே இது இருக்கிறது: ஏஎன்ஏ பாசிட்டிவ், நோய்க்கான சந்தேகம் என்ற இரண்டும் சேர்ந்து இருந்தாலொழிய இந்த உள்வகைகளைத் தேடக் கூடாது. உங்கள் தங்கைக்கு இப்போது முதலாவது மட்டும்தான் இருக்கிறது. லேபில் "சேர்த்து எடுத்தால் தள்ளுபடி" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பெக்கிள்ட் என்ற சொல்லையும் தேடிப் பார்த்திருப்பீர்கள். புள்ளிபுள்ளியாக மின்னுகிறது என்று அர்த்தம். அவ்வளவு வெறுமையான சொல் அது. அதற்குள்ளேயே பல வகை உண்டு. செல் இரண்டாகப் பிரிகிற தருணத்தில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும். அந்த வரிசையும் சேர்ந்து மின்னுகிறதா என்பதைப் பார்த்துத்தான் வகையைச் சொல்ல வேண்டும். புள்ளிகள் அடர்த்தியாக இருந்து வரிசையும் மின்னினால் டிஎஃப்எஸ்-70 என்ற ஆன்டிபாடியாக இருக்கலாம். அது தனியாக வந்தால் பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம்தான். சென்ட்ரோமியர் வகை இதற்கு நேர் எதிர். உட்கருவில் எண்ணிவிடக்கூடிய தனித்தனிப் புள்ளிகள், பிரிகிற செல்லில் அதே புள்ளிகள் கோடு பிடித்து நிற்கும். ரெய்னாட் உள்ள ஒருவரிடம் அதைப் பார்த்தால் ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகும் நோய்) பக்கம் கவனம் போக வேண்டும். ஒரு நல்ல ரிப்போர்ட் இதையெல்லாம் சொல்லும். வெறுமனே "ஸ்பெக்கிள்ட்" என்று விட்டால் அதை வைத்து ஊகிக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. ஏஎன்ஏ நெகட்டிவ் என்ற ஒரே காரணத்தால் நிஜமான நோயாளியைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. பல இடங்களில் ஸ்லைடுக்குப் பதில் எலைசா என்ற, கருவி எண்ணாக அளந்து சொல்லும் முறையில் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 1:100 மாதிரி இல்லாமல் 0.8, 1.4 என்று எண் இருந்தால் அநேகமாக அதுதான். கிட்டில் சேர்த்திருக்கிற சில புரதங்களை மட்டுமே அது தேடும். தசை அழற்சி நோயில் வருகிற ஜோ-1 போன்றவை உட்கருவில் மின்னாது, சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில் மின்னும். அதைக் கண்டும் "உட்கருவில் இல்லை, ஆகவே நெகட்டிவ்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். படி ஏற முடியாமல், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் வருகிறவரின் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நான் அப்படியே நம்ப மாட்டேன்.

"இப்போது இல்லை, பின்னால் வருமா?" என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்க ராணுவம் தன் ஊழியர்களின் சீரத்தைச் சேமித்துவைக்கிறது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய சீரங்களை எடுத்துப் பார்த்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. 115 பேருக்கு நோய் தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு ஆன்டிபாடி இருந்திருக்கிறது, சிலருக்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே. இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வு நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் போனது. பாசிட்டிவாக இருந்தும் கடைசிவரை எதுவும் வராத பெருங்கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை. ரிப்போர்ட்டைக் கோப்பில் வையுங்கள், மேலே நான் கேட்ட தொந்தரவுகளில் ஏதாவது புதிதாக வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். அதற்கு மேல் இதில் காவல் இருக்க ஒன்றுமில்லை.

இதற்கிடையில் யாராவது இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் வாங்காதீர்கள். சாப்பிட்டால் சோர்வும் வலியும் இரண்டு நாளில் பறந்துவிடும், அதுதான் ஆபத்து. நோய் இருந்தால் அதன் தடயம் மறையும், இல்லாவிட்டால் எடை, சர்க்கரை, எலும்பு என்று புதிய வியாதிகள் சேரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வழக்கம், மூட்டுவலி என்றதும் ஏஎஸ்ஓ டைட்டர் எடுத்து, கூடியிருந்தால் மாதக்கணக்கில் பென்சிலின் ஊசி போடுவது. தொண்டையில் எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வந்துபோனது என்பதைத் தவிர அந்த எண் வேறெதையும் சொல்வதில்லை. பெரியவர்களின் மூட்டுவலிக்கு அதை எடுக்க வேண்டிய அவசியம் அபூர்வம்.

மேலே சொன்னவற்றில் ஏதாவது இருந்தால் காட்ட வேண்டியது ருமட்டாலஜிஸ்ட் அல்லது கிளினிக்கல் இம்யூனாலஜிஸ்ட். இரண்டும் சேர்ந்த மேற்படிப்புதான் இப்போது இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்று தனித்துறை உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ருமட்டாலஜி துறை இருக்கிறது.

கடைசிக் கேள்வி, மாப்பிள்ளை வீடு. ஏஎன்ஏ பாசிட்டிவ் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. உங்கள் தெருவில் உள்ள பெண்கள் எல்லோருக்கும் எடுத்தால் பல வீடுகளில் யாருக்காவது வரும். மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லாதபோது சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. இது என் கருத்து, உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருக்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு. பின்னால் எப்போதாவது உரிய காரணத்தோடு ப்ரொஃபைல் எடுத்து எஸ்எஸ்ஏ, அதாவது ஆர்ஓ ஆன்டிபாடி, தெளிவாகப் பாசிட்டிவ் என்று வந்தால், கர்ப்பம் தரிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாதபோதும் இந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் மின்பாதையைத் தடுத்துவிடும். 16வது வாரத்திலிருந்து 26வது வாரம் வரை குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனிக்கச் சொல்வார்கள். முந்தைய குழந்தைக்கு அப்படி வந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். வெறும் 1:100 ஸ்பெக்கிள்ட் ரிப்போர்ட்டுக்கு இவை எதுவும் பொருந்தாது.